ஏழாம் மதகுப் போர்க்களம்

வெளிநாடு போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் மாயவரத்தில் சிரிக்கிறார்கள். எந்தக் கப்பல் ஏறினாய் என்று கேட்கிறார்கள். கப்பல் ஏது? ரயிலில் உட்கார்ந்து ஒரு வடையைத் தின்று முடிப்பதற்குள் இங்கிலீஷ்காரன் ராஜ்யம் முடிந்து பிரெஞ்சுக்காரன் ராஜ்யம் வந்துவிடுகிறது. மண்ணும் அதே செம்மண், மாடும் அதே மாடு. போலீஸ்காரன் தலையில் இருக்கிற சிவப்புத் தொப்பி ஒன்றுதான் வித்தியாசம்.

வேடிக்கை பார்க்க நான் போகவில்லை. என் தம்பி கலியமூர்த்தி பாகூரில் இறந்து வருஷம் திரும்பப் போகிறது. தலைத் திவசத்துக்குத் திதி வேண்டும் என்றாள் அம்மா. சாவுச் செய்தி சொல்லி வந்த கடிதத்தில் ‘செவ்வாய்க்கிழமை காலமாகிவிட்டார்’ என்றுதான் இருந்தது. எந்தச் செவ்வாய் என்று இல்லை. தபாலாபீஸில் பதினாறு வருஷம் முத்திரை குத்தியவன் நான். அந்தப் பிரெஞ்சு முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் தேதி பிடிபடவில்லை.

அந்தத் தேதி எனக்கும் வேண்டியிருந்தது. அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. போன ஆடி அமாவாசைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, காவிரியில் முழுகிய ஜலதோஷத்தோடு நான் தபால் பிரித்துக்கொண்டிருந்தபோது கலியனின் கார்டு என் கையிலேயே வந்து விழுந்தது. ‘அண்ணா, உடம்புக்கு முடியவில்லை. ஒரு தடவை வந்துவிட்டுப் போ’ என்று எழுதியிருந்தான். முன்பு சீர்காழியில் நாடகக் கம்பெனியில் இருந்தபோதும் இதே மாதிரி எழுதினான். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். முகத்தில் அரிதாரத்தோடு நின்று சிரித்தான். “நாடகம் பார்க்கக் கூப்பிட்டா நீ வரமாட்டியேண்ணா!” என்றான். அன்றைக்கு அவனை அறைந்துவிட்டு வந்தேன். அதோடு பேச்சு நின்றது. அவன் எல்லை தாண்டிப் போய்விட்டான். அதனால் இந்தக் கார்டைப் பார்த்ததும் ‘நடிப்பு’ என்று வாய்விட்டே சொல்லி மேஜை டிராயரில் போட்டுவிட்டேன்.

கார்டு என் கைக்கு வந்தபோது அவன் உயிரோடு இருந்தானா, இல்லையா? அது தெரிந்தாக வேண்டும். அதற்கு முன்பே போயிருந்தான் என்றால் நான் தப்பித்தேன்.

முதல் நாளே முட்டாள்தனம். கடலூர் வழியாகப் போனால் பாகூர் கூப்பிடு தூரம் என்று யாரும் சொல்லவில்லை. நான் விழுப்புரம் சுற்றி வில்லியனூரில் போய் இறங்கினேன். வழியில் சுங்கக்காரர் என் பெட்டியைத் திறந்து, அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தைக் குச்சியால் குத்திப் பார்த்தார். பக்கத்துப் பெஞ்சியில் இருந்த ஒரு பாட்டாளி, “போறப்ப சும்மா குத்துவாங்க. வரும்போது பாருங்க, கோமணத்தக்கூட வுட மாட்டாங்க” என்று ஆறுதல் சொன்னார்.

வில்லியனூரில் தேர் நிற்கிற வீதியில் ஒரு காப்பிக் கடை. காப்பி கேட்டால் கூடவே முழ நீளத்துக்கு ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேலே விறகு மாதிரி இருந்தது, உள்ளே பஞ்சு. எல்லோரும் அதை ஒடித்துக் காப்பியில் முக்கித் தின்றார்கள். நானும் முக்கினேன், பாதி ரொட்டி டம்ளருக்குள் விழுந்து காப்பி கஞ்சியாகிவிட்டது. காப்பியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. எங்கள் மாயவரத்துக்காரன் எவனும் அதைக் காப்பி என்று ஒப்புக்கொள்ள மாட்டான். கலியன் ஏழு வருஷம் இதைத்தான் குடித்திருப்பான் என்று தோன்றியது. மிச்சத்தையும் குடித்துவிட்டு, சத்திரத்தில் போய்ப் படுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் முனுசாமி என்பவரின் மாட்டுவண்டி கிடைத்தது. ஐம்பது வயதிருக்கும். மாட்டோடு பேசுகிற அதே குரலில்தான் மனிதர்களோடும் பேசினார். இந்தப் பக்கத்து எல்லையைப் போட்டவன் கண்ணைக் கட்டிக்கொண்டு போட்டிருக்க வேண்டும். ஒரு வயல் பிரெஞ்சு, அடுத்த தோப்பு இங்கிலீஷ், மறுபடி ஒரு கரும்புத் தோட்டம் பிரெஞ்சு. “இப்ப மாடு இங்கிலீஷ்ல கீது, நாம ரெண்டு பேரும் பிரெஞ்சுல கீறோம்” என்றார் முனுசாமி. நடுவழியில் கடையாணி கழன்று ஒரு சக்கரம் தனியாக ஓடி வாய்க்காலில் விழுந்தது. எந்த ராஜ்யத்து வாய்க்கால் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருமாக இறங்கித் தூக்கினோம். வேட்டியெல்லாம் சேறு.

சக்கரத்தை மாட்டிக்கொண்டே முனுசாமி கேட்டார்: “ஏழாம் மதகு பாக்கத்தான போறீங்க?”

“அது என்ன மதகு?”

“இன்னாங்க இப்பிடிக் கேக்கறீங்க! மகுடபுரி ராஜாவோட சண்ட நடந்த எடம். பாகூர் ஏரிக்கரையில கீது. நாளைக்குப் படுகளம். வீரசேனன் வுழுந்த எடத்தப் பாக்க நெல்லிக்குப்பத்துல இருந்தெல்லாம் சனங்க வருது.”

நான் அவிழ்ந்த வேட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

ஏனென்றால் மகுடபுரி சாம்ராஜ்யத்தை உண்டாக்கியவன் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது, கலியனுக்கு ஏழு. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓடும் வாய்க்காலில் களிமண்ணால் கரை போட்டு ஏழு மதகு வைத்தோம். நான் சக்கரவர்த்தி மகுடவர்மன். அவன் சேனாதிபதி வீரசேனன். பக்கத்து வீட்டு வாத்துகள் எதிரிப் படை. ஆறு மதகையும் வாத்துகள் மிதித்து உடைத்துவிடும். ஏழாவது உடைந்தால் சாம்ராஜ்யம் போச்சு. சேனாதிபதி அதைக் காக்க வேண்டும், சக்கரவர்த்தி பெரும்படையோடு வந்து மீட்க வேண்டும். ஆட்டத்தின் விதி அது. விதியைப் போட்டவனும் நான்தான்.

ஒரு நாள் வாத்துகள் பாதியிலேயே வீடு திரும்பிவிட்டன. எனக்கு அலுத்துப்போய் உள்ளே போய்ச் சாப்பிட்டு, கண்ணயர்ந்துவிட்டேன். கலியன் சாயங்காலம் வரை இடுப்பளவுத் தண்ணீரில் ஏழாம் மதகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அம்மா போய்த் தூக்கி வந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. “அண்ணன் படையோட வர்றேன்னுச்சு” என்றுதான் சொன்னானாம். அன்று அம்மா என் முதுகுத் தோலை உரித்துவிட்டாள்.

வண்டி மறுபடி கிளம்பியதும் முனுசாமி, வருஷா வருஷம் கூத்தில் பார்த்த போரை முழுக்கச் சொன்னார். எதிரிப் படையின் பெயர் முதலில் வெள்ளைச் சேனையாம். வாத்துகளின் நிறத்தை நினைத்து வைத்திருப்பான் கலியன். ‘யாரைச் சொல்கிறாய்’ என்று சிவப்புத் தொப்பிக்காரர்கள் வந்து விசாரித்த பிறகு சாம்பல் சேனை ஆகிவிட்டதாம். கேட்டதும் சிரித்துவிட்டேன். முனுசாமி சிரிக்கவில்லை.

“ஏழு நாளு தனியாளா நின்னாங்க அந்த வீரசேனன். கூடப்பொறந்த அண்ணங்காரன், ராஜா, வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு வரவே இல்ல.”

“ராஜாவுக்கு என்ன அசந்தர்ப்பமோ” என்றேன்.

“இன்னா அசந்தர்ப்பம்? வெக்கங்கெட்ட பய. சோறு தின்னுட்டுத் தூங்கிட்டிருந்திருப்பான்” என்று சொல்லி மாட்டின் வாலை முறுக்கினார்.

பாகூர் வரும்வரை நான் வேட்டியில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டு வந்தேன்.

பாகூரில் முதலில் மேரிக்குப் போனேன். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் பதிகிற சர்க்கார் கச்சேரிக்கு அங்கே மேரி என்று பெயர். எங்கள் தாலுகா கச்சேரியில் என்றால் அரை நாள் காக்க வைப்பார்கள். இங்கே உட்கார நாற்காலி போட்டார்கள். குமாஸ்தா தமிழர். உள்ளேயிருந்த அதிகாரியிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார், அவரும் ஏதோ கேட்டார். குமாஸ்தா என்னைப் பார்த்துச் சங்கடத்தோடு மொழிபெயர்த்தார்: “கூத்து வாத்தியாரோட அண்ணன் வந்திருக்காருன்னு சொன்னேன். ஏரிக்கரைச் சண்டையில செத்தாரே, அவரான்னு கேக்கறார். நாட்டுக்குப் புதுசு, மன்னிச்சுக்குங்க.”

பெரிய பதிவேட்டைப் பிரித்து விரலால் தடவி வந்தார். தேதியைச் சொன்னார். நான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். வளர்பிறை துவாதசி. அம்மாவுக்கு வேண்டிய திதி கிடைத்துவிட்டது. எனக்கு வேண்டியதும் கிடைத்துவிட்டது. கார்டு என் கைக்கு வந்து பதினோராம் நாள் அவன் இறந்திருக்கிறான். பதினோரு நாளில் மாயவரத்திலிருந்து பாகூருக்குப் பத்துத் தடவை வந்து போயிருக்கலாம். நான் ஜலதோஷத்துக்குச் சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

பதிந்தவர் பெயர் ஏழுமலை என்றிருந்தது. இறந்தவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் ‘உறவில்லை’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. அதையும் குமாஸ்தாதான் படித்துச் சொன்னார்.

அந்த ஏழுமலைதான் எனக்குக் கடிதம் போட்டவர். கலியனின் கூத்துக் குழுவில் மத்தளக்காரர், மற்ற நாளில் ஒரு காணி நெல் பயிரிடுகிறவர். வாசலில் என்னைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை. “வாத்தியார் மூக்கு” என்று சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவர் பெண்சாதி கேழ்வரகுக் களியும் கடலோரத்துப் பனித்திட்டிலிருந்து வந்த கருவாட்டில் வைத்த குழம்பும் போட்டாள். எங்கள் பக்கத்தில் களி என்றால் ஜெயில் சாப்பாடு. இங்கே விருந்தாளிக்குப் போடுகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் என்னை ஏரிக்கு அழைத்துப் போனார். ஆனி மாதத்து ஏரி, நடுவில் மட்டும் தண்ணீர். கரையில் ஒரு கல் மதகு. அதன் பக்கத்தில் ஏரிக் களிமண்ணைக் குவித்து நாலைந்து பேர் ஒரு மனித உருவத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். மல்லாக்கப் படுத்த உருவம். இரண்டு வண்டி நீளம் இருக்கும். திரௌபதியம்மன் திருவிழாவில் துரியோதனனுக்கு இந்தப் பக்கத்து ஊர்களில் செய்கிற வழக்கம் இது. போரில் விழுந்தவனை மண்ணில் செய்து போட்டு, சுற்றி உட்கார்ந்து பெண்கள் நிஜச் சாவு போலவே அழுவார்கள். அதுதான் படுகளம். கலியன் இந்த ஊருக்கு வந்த வருஷம் அதைப் பார்த்துவிட்டு, தன் கூத்தின் கடைசிக் காட்சியையும் அப்படியே வைத்துவிட்டான். ஊரே கூடி அழுத பிறகு அது கதையாக எப்படி இருக்கும்? ஆறு வருஷத்தில் சரித்திரமாகிவிட்டது.

“இதுதாங்க ஏழாம் மதகு. இங்கதான் வீரசேனன் உயிர வுட்டாரு” என்று ஏழுமலையும் என்னிடமே காட்டினார்.

எனக்குத் தாங்கவில்லை. “ஏழுமலை, உங்ககிட்ட மறைக்கக்கூடாது. மகுடபுரின்னு ஒரு ஊரே கிடையாது. நாங்க சின்னப் பிள்ளையில கொல்லையில விளையாடின விளையாட்டு அது” என்றேன்.

அவர் மண் பிசைகிறவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எனக்குத் தெரியுங்க. வாத்தியார் சொல்லியிருக்காரு. நீங்க வெளிய சொல்லிடாதீங்க. இந்த ஊர்ல ரெண்டு புள்ளைங்களுக்கு வீரசேனன்னு பேரு வெச்சிருக்குது” என்றார்.

“ராஜாவைப் பத்தி என்ன சொல்லுவான்? வராத ராஜாவைப் பத்தி?”

“கூத்துலயா? அம்பு பட்டு வுழுந்ததும் வீரர்ங்கள்லாம் ராஜாவத் திட்டுவாங்க. வாத்தியார் திட்ட வுட மாட்டாரு. ‘அண்ணன் வழியில இருக்காரு, பொறுங்கடா’ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுவாரு. ஒவ்வொரு வருசமும் அதே பேச்சுதான்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “காய்ச்சல்ல கெடந்தப்பவும் அதேதாங்க. அண்ணன் வழியில இருக்காரு, போயிப் பாத்துட்டு வா ஏழுமலன்னு அனுப்புவாரு. தெனமும் காலையில ஒரு தபா, சாயந்தரம் ஒரு தபா எல்லைச் சாவடி வரைக்கும் போயிப் பாப்பேன். மழ. குடையப் புடிச்சிக்கினு நிப்பேன். ஒரு வண்டி வந்தா உள்ள குனிஞ்சி பாப்பேன்.”

அவர் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஏழுமலை என்னைக் கடைவீதிக்கு அனுப்பினார். காதர் பாய் ஜவுளிக்கடையில் கோடித்துணி வாங்கி வர வேண்டும். சாவு வீட்டில் உறவுமுறையார் பிணத்தின் மேல் போர்த்துகிற புதுத்துணிதான் கோடி. வெள்ளைத் தாடி வைத்த காதர் பாய் துணியைத் தயாராக மடித்து வைத்திருந்தார்.

“சேனாதிபதிக்கு உறவுன்னு யாரும் வரமாட்டாங்க பாய், கோடி நீங்கதான் குடுக்கணும்னு வாத்தியார் மொத வருசமே சொல்லிட்டாருங்க. அதுல இருந்து நம்ம கட துணிதான். போன வருசம் ஆடியில வாத்தியாருக்கும் நாந்தான் குடுத்தேன்” என்றார். பிறகு என் மூக்கைப் பார்த்தார். “நீங்க அவருக்கு இன்னா வேணும்?”

“அண்ணன்.”

பாய் துணியை இரண்டு கையாலும் எடுத்து என் கையில் வைத்தார். எழுந்து நின்றார். நான் படியிறங்கும்வரை உட்காரவில்லை.

உச்சி வெயிலில் படுகளம் தொடங்கியது. மண் வீரசேனனுக்கு மஞ்சளும் செங்காவியும் பூசி, மீசை வரைந்து, மார்பில் ஒரு மூங்கில் அம்பைச் செருகியிருந்தார்கள். இந்த வருஷம் வீரசேனன் வேஷம் கட்ட யாரும் முன்வரவில்லையாம். அதனால் கூத்து இல்லை, மத்தளமும் இல்லை, படுகளம் மட்டும்தான். ஐந்நூறு பேராவது கூடியிருப்பார்கள். பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவே அஞ்சலை. நாற்பது வயதிருக்கும், நடவுக்குப் போகிறவள். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவுக்கும் அவள்தான் ஒப்பாரி எடுப்பாளாம். பொங்கிப் பொங்கி அழுதாள். அவள் அழுதது மண்ணுக்கா, போன வருஷம் வரை அந்த இடத்தில் விழுந்து கிடந்த என் தம்பிக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஏழுமலை என் தோளைத் தொட்டார். நான் துணியோடு முன்னே போனேன். “வாத்தியாரோட அண்ணங்க” என்று அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. ஒப்பாரி நின்றது. அஞ்சலை தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, என்னைப் பார்த்தபடியே, பழைய ராகத்திலேயே எடுத்தாள்:

“வாய்யா மவராசா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?
ஏழு மதகும் ஒடஞ்ச பின்ன எதப் பாக்க வந்தய்யா?
வண்டி கெடைக்கலியா, வாசல் தாண்ட மனசில்லியா?
கூடப் பொறந்த புள்ள கூப்புட்டது கேக்கலியா?
வருவான் வருவான்னு வாய் மூடிப் போனானே,
வாயத் தொறந்து சொல்லுய்யா, எங்கய்யா போயிருந்த?”

மற்றப் பெண்களும் சேர்ந்து என்னைக் கேட்டார்கள். எங்கய்யா போயிருந்த, எங்கய்யா போயிருந்த என்று மார்பில் அடித்துக்கொண்டு கேட்டார்கள்.

செய்தி வந்த நாளிலிருந்து என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் விதி என்றாள் அம்மா. உன்மேல் தப்பில்லை என்றாள் என் மனைவி. ஆபீஸில் லீவு கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்தார்கள். டிராயரில் கிடந்த கார்டைப் பற்றி யாருக்கும் தெரியாது. இந்த நடவுக்காரிக்கு மட்டும் எப்படியோ எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு அவள் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. மண் மார்பின் மேல் கோடியைப் போர்த்திவிட்டு, அங்கேயே முழங்காலில் உட்கார்ந்து, “நடிப்புன்னு நினைச்சுட்டேன் கலியா” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். யாருக்குப் புரிந்ததோ தெரியாது. பிறகு வருஷம் முழுக்க வராத அழுகை வந்தது. அஞ்சலை என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ராகத்தை விடாமல் அழுதாள்.

முடிந்ததும் ஊரார் உருவத்தை உடைத்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்தார்கள். நெல்குதிரில் போட்டு வைப்பார்களாம். ஏழுமலை நெஞ்சுப் பக்கத்தில் ஒரு பிடி எடுத்து, கோடித்துணியிலிருந்தே ஒரு துண்டைக் கிழித்து முடிந்து என்னிடம் கொடுத்தார். “அம்மாகிட்ட குடுங்க” என்றார்.

நாலாம் நாள் கடலூர் வழியாகத் திரும்பினேன். எல்லைச் சாவடியில் இந்தப் பக்கத்துச் சுங்கக்காரர், ரயிலில் அந்தப் பாட்டாளி சொன்னபடியே, பெட்டி, படுக்கை, வெற்றிலைப் பை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தார். கடைசியில் அந்த முடிச்சை அவிழ்த்தார்.

“என்னய்யா இது?”

“மண் சார்.”

“எதுக்கு மண்?”

“போர்க்களத்து மண். அங்கே ஒரு பெரிய சண்டை நடந்தது. என் தம்பி அதில் போயிட்டான்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். மண்ணைச் சிந்தாமல் மறுபடி முடிந்து, என் உள்ளங்கையில் வைத்தார். அடுத்த ஆளைக் கூப்பிடப் போனவர் திரும்பி, “சண்டையில யார் ஜெயிச்சா?” என்று கேட்டார்.

“தெரியாது சார்” என்றேன். “நான் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”